வரி குறைந்த ஆண்டுகளும் வரி கூடிய ஆண்டுகளும்: 2019 முதல் இலங்கையில் யார் கொடுத்தார்கள்?

கேள்வி — 2025 ஜனவரி 11

பொருளாதாரம் தளரும் காலத்தில் அரசு வரியைக் குறைக்க வேண்டும், செலவைக் கூட்ட வேண்டும் என்றுதான் உயர்தரப் பொருளியலில் படித்தோம். 2019 டிசெம்பரில் இலங்கை வரியைக் குறைத்தது, நாடு வங்குரோத்தானது. 2022இல் நாடு விழுந்து கிடந்தபோது வரியைக் கூட்டினார்கள், செலவை வெட்டினார்கள். இன்று நிலைமை தேறிவிட்டது என்கிறார்கள். அப்படியானால் நாங்கள் படித்தது பொய்யா?

2025 ஜனவரி 12

படித்தது பொய்யல்ல. அது எந்த நாட்டுக்கு, எந்த நிபந்தனையில் பொருந்தும் என்பதைப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லித்தரவில்லை என்பதே என் எண்ணம். நான் பொருளியலாளன் அல்லன். யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். எனவே கணக்குப் புத்தகத்தில் கண்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

2019 டிசெம்பர் 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி, அதாவது பொருளின் விலையோடு சேர்த்து வாங்கும் VAT, 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. அதே நாளில் 2 சதவீத நாட்டைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. 2020 ஜனவரி முதல், சம்பளத்திலிருந்து வரியைக் கட்டாயமாகக் கழிக்கும் முறை இல்லாமற்போனது. வருமான வரி விலக்கு எல்லை ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. கம்பனிகளுக்கான பொது வரி வீதம் 28இலிருந்து 24 ஆனது. இவற்றை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதிகம் பேசப்படாத மாற்றம் வேறொன்று. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 1 கோடி 20 இலட்சத்திலிருந்து 30 கோடியாக, அதாவது இருபத்தைந்து மடங்காக, ஒரே தாவலில் உயர்ந்தது. வீதத்தைக் குறைத்தால் நாளை கூட்டிக்கொள்ளலாம். பதிவேட்டிலிருந்து வெளியேறிய கடையைத் திரும்ப அழைத்து வருவது ஆண்டுகள் பிடிக்கும் வேலை. அந்த ஜனவரியில் மட்டும் நான் மூன்று வாடிக்கையாளரின் பதிவை நீக்குவதற்கான படிவங்களை நிரப்பினேன், அவர்கள் மகிழ்ந்தார்கள், நானும் வேலை குறைந்தது என்றே எண்ணினேன்.

பிரித்தானியாவும் 2008 டிசெம்பர் 1ஆம் திகதி இதே வகை வரியைக் குறைத்தது: 17.5இலிருந்து 15க்கு, பதின்மூன்று மாதங்களுக்கு மட்டும், முடிவு நாளை முன்கூட்டியே அறிவித்துவிட்டு. முடிவு நாள் தெரிந்தால் வாங்க வேண்டியதை மக்கள் அதற்குள் வாங்கிவிடுவார்கள்; தூண்டுதல் என்பது அதுதான். அதோடு அந்த நாடு கடன் வாங்கியது தன் சொந்த நாணயத்தில். எங்கள் குறைப்புக்கு முடிவு நாள் இல்லை, இழந்த வருமானத்தை ஈடுசெய்யும் வழியும் அறிவிக்கப்படவில்லை, கடனில் ஏறத்தாழப் பாதியோ வெளிநாட்டு நாணயங்களில் இருந்தது. ஆகவே இரண்டையும் ஒரே மருந்து என்று சொல்ல முடியாது.

2025 ஜனவரி 13

நேற்று எழுத விட்டது: விலை பெரும்பாலும் இறங்கவில்லை. 2019 நவம்பர், 2020 ஜனவரி ஆகிய இரு மாதங்களின் பற்றுச்சீட்டுகளை ஒரு வன்பொருள் கடைக்காக அப்போதே நான் ஒப்பிட்டு வைத்திருந்தேன். சீமெந்து, வண்ணப்பூச்சு இரண்டிலும் சிறிது இறங்கியிருந்தது; மற்றவற்றில் பழைய விலையே இருந்தது, வரியாகப் போன தொகை இடையில் இருந்தவர்களின் இலாபமாகியிருந்தது. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனி மீதான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைந்தபோதும் அதுவே நடந்தது. திறைசேரி ஒவ்வொரு கிலோவிலும் ஏறத்தாழ 50 ரூபாயை விட்டுக்கொடுத்தது. எங்கள் ஒழுங்கையில் உள்ள கடையில் சீனி மலிந்த நாள் ஒன்றை என்னால் நினைவுகூர முடியவில்லை.

2025 ஜனவரி 19

ஒரு நண்பர் கடுமையாக மறுத்திருக்கிறார்: நாட்டைக் கவிழ்த்தது கொரோனாத் தொற்று, வரிக் குறைப்பு அல்ல, 2018இல் 440 கோடி டொலருக்கு அண்மையில் இருந்த சுற்றுலா வருவாய் 2020இல் 70 கோடியளவுக்குச் சுருங்கியதற்கு எந்த வரிக் கொள்கையும் பொறுப்பாகாது என்கிறார். இதில் பாதியை ஏற்கிறேன். தொற்று வந்தபோது எந்த அரசாக இருந்தாலும் வருமானம் குறைந்தேயிருக்கும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பின் வியாபாரம் உண்மையிலேயே படுத்துக்கிடந்தது, ஏதாவது செய்ய வேண்டிய தேவையும் இருந்தது.

ஆனால் தொற்று எல்லா நாடுகளுக்கும் வந்தது. எங்களுக்கு அது வந்த நேரம், அரசு தன் வருமானத்தின் பெரும் பகுதியை மூன்று மாதங்களுக்கு முன்தான் கைவிட்டிருந்த நேரம். 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதமளவில் இருந்த அரச வருமானம் 2022இல் 8 சதவீதமளவுக்கு வந்துவிட்டது. 2021இல் அரசு திரட்டிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் 70 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது; ஆசிரியர் சம்பளம், மருந்து, வீதி, இராணுவம், மானியம் எல்லாவற்றுக்கும் மிஞ்சியது 30 ரூபாய்க்கும் குறைவு. இந்த நிலையைக் கண்ட தர மதிப்பீட்டு நிறுவனங்கள் 2020இலேயே நாட்டின் தரத்தை இறக்கின, வெளிநாட்டுச் சந்தையில் புதிய கடன் எடுக்கும் வழி அடைபட்டது. அதன் பிறகு பழைய டொலர்க் கடனைக் கையிருப்பிலிருந்தே கட்டினார்கள். 2019 முடிவில் 760 கோடி டொலராக இருந்த கையிருப்பு 2021 முடிவில் 310 கோடியானது. 2022 ஜனவரியில்கூட 50 கோடி டொலர் பிணைமுறி (அரசு விற்ற கடன் பத்திரம்) ஒன்றைத் தவணை தவறாமல் கட்டினார்கள். அடுத்த மாதங்களில் அரச வைத்தியசாலையில் என் தாயாருக்கு வழக்கமாகக் கிடைத்த மாத்திரை இல்லையென்று துண்டெழுதிக் கொடுத்தார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவது நிறுத்தப்பட்டது.

உள்நாட்டுப் பற்றாக்குறையை மத்திய வங்கி அச்சிட்ட பணத்தால் நிரப்பினார்கள். டொலரின் விலையை 203 ரூபாயில் பிடித்தும் வைத்திருந்தார்கள். வங்கியில் ஒரு விலை, வெளியே வேறு விலை என்றானபோது வெளிநாட்டிலிருந்து வரும் பணம், வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரர் கைக்கு மாறியது. 2020இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் அனுப்பும் பணம் 2022இல் 380 கோடியாகக் குறைந்ததாகப் பதிவுகள் காட்டுகின்றன. கனடாவிலிருந்து என் தம்பி அனுப்பிய பணத்தையும் அந்நாட்களில் நான் உண்டியலிலேயே பெற்றேன். வங்கி கொடுத்ததைவிட அது கணிசமாகக் கூட. அம்மாவின் மருந்தை வெளியே வாங்க வேண்டியிருந்தது. யாரையும் இதற்காகக் குற்றம் சொல்ல என்னால் முடியாது, ஆனாலும் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது.

2025 ஜனவரி 20

திருத்தம். முந்தைய குறிப்பைப் படிப்பவர்களுக்கு எல்லாம் வரிக் குறைப்பிலேயே தொடங்கியது என்று தோன்றலாம். அப்படியல்ல: அதற்கு முன்பும் இலங்கையின் அரச வருமானம் உலகின் மிகத் தாழ்ந்தவற்றுள் ஒன்றாகவே இருந்தது, டொலர்ப் பிணைமுறிகள் 2007 முதல் சேர்ந்துவந்தவை. 2019 டிசெம்பர், ஏற்கெனவே மெலிந்திருந்த கயிற்றை அறுத்தது.

2025 பெப்ரவரி 2

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். 2022இல் வேறு வழி இருந்ததா? கடன் தர எவரும் இல்லை, அச்சிட்டால் விலைவாசி இன்னும் ஏறும், அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏற்கெனவே 69.8 சதவீதம். வரியைக் கூட்டியே ஆக வேண்டும் என்ற இடத்துக்கு நாடு வந்துவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. என் மனக்குறை வேறு: எந்த வரியை, யாரிடம், எந்த வரிசையில் என்பதே.

பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. கடைசி உயர்வோடு அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த பல பொருள்களும் வரிக்குள் வந்தன. எரிவாயுவும் எரிபொருளும் அவற்றுள் அடங்கும். 2022 ஒக்டோபரில் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு வரியும் சேர்ந்தது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. ஓர் அச்சகத்துக்கு அப்போது கணக்கு எழுதினேன். மின்பட்டியல் வாடகையைத் தாண்டிய மாதத்தில் உரிமையாளர் இரண்டு இயந்திரங்களில் ஒன்றை நிறுத்தி, அதில் வேலை செய்த பையனை வீட்டுக்கு அனுப்பினார்.

மண்ணெண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. மானியத்தால் நட்டம் என்பது உண்மை, பணக்காரரும் அந்த மலிவைப் பயன்படுத்தினார்கள் என்பதும் உண்மை. ஆனால் வடக்கில் மண்ணெண்ணெயை நம்பியிருந்தவர்கள் வெளியிணைப்பு இயந்திரப் படகுக்காரரும், நீரிறைக்கும் இயந்திரத்தோடு வெங்காயம் செய்கிறவர்களும், அடுப்பெரிக்கும் வீடுகளுமே. என் மைத்துனர் கடற்றொழிலாளி. ஒரு முறை கடலுக்குப் போய்வர அவருக்கு 25 லீற்றர் வேண்டும்: 2,175 ரூபாயாக இருந்த செலவு மறுநாள் 8,500 ரூபாய். மீனின் விலை அந்த அளவுக்கு ஏறவில்லை; வாங்குகிறவர் கையில் பணம் இருந்தால்தானே ஏறும்? அவர் கிழமைக்கு ஐந்து நாள் போவதை இரண்டாகக் குறைத்தார். அரசின் கணக்கில் அது சேமித்த மானியம். அவர் வீட்டில் அது, மகள் தனியார் வகுப்பை நிறுத்திய மாதம்.

2025 பெப்ரவரி 9

கேள்வி கேட்டவர், 2023இல்தான் தன்னைப்போன்றவர்கள் முதன்முறையாக வருமான வரிக்குள் இழுக்கப்பட்டார்கள் என்று எழுதியிருந்தார். நானும் அப்படியே என்று பதில் எழுதப் போனேன். பழைய சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது அது சரியில்லை என்று தெரிந்தது. 2019இலும் சம்பளக்காரருக்கான விலக்கு மாதம் 1 இலட்சம் ரூபாய்தான். இடையில் மூன்றாண்டு அது 2 இலட்சத்து 50 ஆயிரமாக இருந்தது. 2023 ஜனவரியில் திரும்பவும் 1 இலட்சமானது. எனவே பழைய எல்லைக்கே திரும்பினோம் என்று திறைசேரி சொல்லலாம்.

ஆனால் அந்த 1 இலட்சம் 2019இன் 1 இலட்சமா? இடையில் விலைவாசி ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. பழைய எல்லைக்கு உண்மையாகத் திரும்பியிருந்தால் அது மாதம் 2 இலட்சத்தை ஒட்டியிருந்திருக்க வேண்டும். அது மட்டுமல்ல, 2019இல் 4 சதவீதத்தில் தொடங்கி 24இல் முடிந்த படிகள் இப்போது 6இல் தொடங்கி 36இல் முடிந்தன, ஒவ்வொரு படியும் ஆண்டுக்கு 5 இலட்சம்தான். மாதம் 2 இலட்சம் வாங்குகிறவர் 10,500 ரூபாயும், 3 இலட்சம் வாங்குகிறவர் 35,000 ரூபாயும் கட்டினார்கள். 2023 மார்ச்சில் மருத்துவர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏழைகள் பட்டினி கிடக்க இவர்கள் வரி கட்ட மறுக்கிறார்களே என்று நானும் கோபப்பட்டேன். இந்தக் கணக்கை அன்று போட்டிருந்தால் என் கோபம் பாதியாகியிருக்கும்.

இதோடு முதற்குறிப்பில் சொன்ன பதிவு எல்லையை வைத்துப் பாருங்கள். 30 கோடியிலிருந்து அது 2022 ஒக்டோபரில் 8 கோடிக்கும் 2024 ஜனவரியில் 6 கோடிக்கும் இறங்கியது. விலைவாசியைக் கணக்கில் எடுத்தாலும் 2019இன் 1 கோடி 20 இலட்சத்தைவிட இது இரண்டு மடங்குக்கு மேல். நான் பதிவு நீக்கிய மூன்று கடைகளுள் இரண்டு இன்றும் பதிவேட்டுக்கு வெளியேதான். சம்பளக்காரருக்கு எல்லை பாதியாகச் சுருங்கியது, வியாபாரத்துக்கு விரிந்தே நிற்கிறது. கட்டுவோர் தொகை முழுதாகத் திரும்பாத இடத்தில், கட்டுகிறவர் கட்டும் வீதம் 15ஐத் தாண்டி 18க்குப் போனது.

2025 பெப்ரவரி 18

நேற்றைய வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அறிவித்தவை: வறிய குடும்பங்களுக்கான அரச உதவியான அஸ்வெசும கொடுப்பனவு உயரும், அரச ஊழியர் அடிப்படைச் சம்பளம் கட்டம் கட்டமாக உயரும். வருமான வரி விலக்கை மாதம் 1 இலட்சத்து 50 ஆயிரமாக்குவதும், சேமிப்பு வட்டியில் பிடிக்கும் வரியை 5இலிருந்து 10 சதவீதமாக்குவதும் முன்பே சொல்லப்பட்டவை. சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டின்படி வட்டியை விலக்கிய கணக்கில் உற்பத்தியின் 2.3 சதவீதம் மிகுதி காட்ட வேண்டும். ஆட்சி மாறியும் அந்த இலக்கு மாறவில்லை. மாறும் என்று நம்பி வாக்களித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

2025 மார்ச் 2

சேமிப்பு வட்டியைப் பற்றிப் பேச்சு வந்ததால், மூன்று ஆண்டுகளாக என்னை உறுத்தும் விடயத்தை எழுதிவிடுகிறேன்.

2022இன் பிற்பாதியில் மூன்று மாதத் திறைசேரி உண்டியல்களுக்கு (பணம் அனுப்பும் உண்டியல் அல்ல; அரசு குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரம்) அரசு கொடுத்த வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வட்டியை அரசு எங்கிருந்து கொடுக்கிறது? பாண் வாங்குகிறவரும் சவர்க்காரம் வாங்குகிறவரும் கட்டும் வரியிலிருந்து. அதே ஆண்டில், ஊழியரின் கட்டாய ஓய்வுகாலச் சேமிப்பை வைத்திருக்கும் ஊழியர் சேமலாப நிதியம் தன் உறுப்பினர்களுக்கு அறிவித்த வட்டி 9 சதவீதம்; விலைவாசி சராசரியாக ஏறியதோ 46 சதவீதம். பத்து இலட்சம் ரூபாய் கையில் இருந்தவர் உண்டியல் வாங்கித் தன் பணத்தின் மதிப்பை ஓரளவு காத்துக்கொண்டார். அதே பத்து இலட்சத்தைச் சேமலாப நிதியில் வைத்திருந்த ஆடைத்தொழிற்சாலைப் பெண்ணுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அதை எடுத்து வேறிடத்தில் போடும் உரிமை இல்லை.

பிறகு 2023 ஜூன் இறுதியில் ஐந்து நாள் வங்கிகள் மூடப்பட்டன. ஜூலை 1ஆம் திகதி நாடாளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அங்கீகரித்தது. வங்கிகளிடம் இருந்த பிணைமுறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் ஏற்கெனவே 50 சதவீதத்துக்கு மேல் வரி கட்டுகின்றன, அவை ஆட்டம் கண்டால் வைப்பாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம், அதில் நியாயமும் உண்டு. ஊழியர் சேமலாப நிதியத்திடம் இருந்த பிணைமுறிகளோ, 2026 வரை 12 சதவீதமும் அதன் பின் 9 சதவீதமும் தரும் புதிய பிணைமுறிகளாக மாற்றப்பட்டன. மாற்ற மறுத்தால் நிதியத்தின் வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீத வரி என்று சட்டம் வந்தது. அது தெரிவு என்று அழைக்கப்பட்டது. தெரிவு செய்தவர் நிதியத்தின் உறுப்பினர் அல்லர்.

என் கணக்கில் பத்தொன்பது ஆண்டுப் பணம் இருக்கிறது: என் சம்பளத்தின் 8 சதவீதமும் தொழில் தருநரின் 12 சதவீதமும். ஒரு ரூபாய்கூட வெட்டப்படவில்லை என்பார்கள், கணக்குக் கூற்றிலும் தொகை குறையவில்லை. 2021இல் அந்தத் தொகையால் எங்கள் வளவில் ஒரு சிறிய வீட்டைக் கட்டி முடிக்கலாம் என்று மதிப்பிட்டு வைத்திருந்தேன். இப்போது அது கூரை மட்டத்துக்கு வராது. இதற்கு வரி என்று எவரும் பெயர் வைக்கவில்லை. என் வாழ்நாளில் நான் கட்டிய மிகப் பெரிய வரி இதுதான்.

2025 மார்ச் 4

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்: "உண்டியல் வாங்கியவர்கள் எல்லாரும் செல்வந்தர் அல்லர். வாழ்நாள் சேமிப்பை அதில் போட்டுத்தான் 2022, 2023 இரண்டு ஆண்டும் நான் சாப்பிட்டேன்." அவர் சொல்வதை ஏற்கிறேன், என் வசனம் அவரைப் போன்றவர்களையும் சேர்த்து அடித்தது. அந்த வட்டிக்கு 2023 ஜனவரி முதல் பிடிக்கப்பட்ட வரி 5 சதவீதம். பத்து இலட்சம் வைத்திருந்த ஆசிரியைக்கும் நூறு கோடி வைத்திருந்தவருக்கும் வாசலில் ஒரே வீதம். பெரிய தொகைகளுக்கு மேலதிக வரியை ஆண்டுக் கணக்கில் காட்டிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். எத்தனை பேர் காட்டுகிறார்கள் என்பது கணக்கு எழுதுகிற எவருக்கும் தெரியும். செல்வந்தரையும் அவரைப் போன்றவர்களையும் பிரித்து நான் போட்டிருக்க வேண்டிய கோடு அங்கேயே இருந்தது.

2025 மார்ச் 16

அஸ்வெசுமவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 2023 ஜூலையில் சமுர்த்தி என்ற பழைய உதவித் திட்டத்துக்குப் பதிலாக வந்த இந்தத் திட்டத்தில் குடும்பங்கள் நான்கு வகை: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். இவ்வாண்டு கடைசி இரண்டும் 10,000 ஆகவும் 17,500 ஆகவும் உயர்ந்துள்ளன. பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. இடைநிலைத் தயவு தேவையில்லை. அந்த அளவில் இது முன்னையதைவிட நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

தெரிவில்தான் துன்பம். எங்கள் அயலில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு முதற்பட்டியலில் பெயர் இல்லை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீடு அவரை வசதியானவராகக் காட்டியிருக்க வேண்டும். மேன்முறையீட்டை நான் எழுதிக் கொடுத்தேன். பெயர் வர எட்டு மாதமானது. உலக வங்கியின் மதிப்பீட்டில் வறுமை 2021இல் 13 சதவீதமளவிலிருந்து 2022இல் 25 சதவீதமளவுக்கு உயர்ந்தது. வறியவர் தொகை இரட்டித்த நேரத்தில் மண்ணெண்ணெய் மானியம் 2022 ஓகஸ்டில் போனது, ஈடாக வந்த உதவி 2023 ஜூலையில் தொடங்கியது. இடையில் பதினொரு மாதம். சிக்கனம் தவிர்க்க முடியாதது என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த வரிசையையுமா தவிர்க்க முடியவில்லை? உதவியை முதலில் தொடங்கி மானியத்தைப் பிறகு எடுத்திருந்தால் திறைசேரிக்குச் சில மாதச் செலவு கூடியிருக்கும். அந்தப் பெண் தாலிக்கொடியை ஈடு வைத்திருக்கமாட்டார்.

2025 ஏப்ரல் 27

ஏப்ரல் சம்பளப் பட்டியல்களை முடித்துவிட்டேன். கேள்வி கேட்டவர் தன் சம்பளம் 1 இலட்சத்து 65 ஆயிரம் என்று எழுதியிருந்தார். மார்ச் வரை அவரிடம் கழித்தது மாதம் 5,300 ரூபாய். இம்மாதம் 900 ரூபாய். 2 இலட்சக்காரருக்கு 10,500 இருந்த இடத்தில் 3,000. விலைவாசியைக் கணக்கில் வைத்தால் எல்லை இப்போதும் 2019க்கு வந்து சேரவில்லை, பாதித் தூரம் வந்திருக்கிறது.

விட்டுக்கொடுத்ததை எங்கே ஈடுசெய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைப் பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். துறைமுகத்திலேயே வாங்கிவிடும் அந்த வரியை நம்பித்தான் இவ்வாண்டு வருமான இலக்கு நிற்கிறது. ஐந்தாண்டு தேங்கிய ஆசை தீர்ந்ததும் அந்த வரவு குறையும். அந்த ஆண்டு பார்த்து மறுபடி பெறுமதி சேர் வரியின் 18ஐக் கூட்டுவார்களா, பதிவு எல்லையைக் கீழே கொண்டுவருவார்களா என்பதையே நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். பதிவு நீக்கிய கடைகளுள் ஒன்றின் உரிமையாளரிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, பக்கத்துக் கடையும் பதிந்தால் தானும் பதிவதில் தடையில்லை என்றார். படிவத்தை அவருக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.